இரண்டாம் பொத்தான்

ருஸ்தாவியில் மைனஸ் ஆறு டிகிரி.
மடியில் லேப்டாப்.
மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக
ஜும்பேர் இறக்கிவிட்ட ஒயரில்
பேட்டரி சார்ஜர் முனகுகிறது.

நேற்று அது இல்லாமல் தொடங்கி
பதினொன்றரை வோல்ட்டில் விழுந்தேன்.

இந்த மாட்யூல் நொறுங்கி வந்த வேறொரு காருடையது.
அதன் பதினேழு எழுத்தை அழித்து
என் காரின் பதினேழை எழுதுகிறேன்.

எண்பத்தேழு சதவீதம்.
வைப்பர் தானாக எழுந்து
வறண்ட கண்ணாடியை ஒருமுறை துடைத்துப் படுத்தது.
"நெஸ்தான், கதவைத் திறந்துவிடாதே!" மேலிருந்து குரல்.
திறப்பேனா?
பாதியில் நின்றால்
கடன் மட்டும்தான் ஓடும்.

நூறு.
சாவியை அணைத்து
பத்து வரை எண்ணி
மறுபடி திருகினேன்.
பிழைக் குறியீடு எதுவுமில்லை.

அப்போது இருக்கை நகர்ந்தது.
பின்னால், இன்னும் பின்னால்,
கொஞ்சம் கீழே.
பக்கக் கண்ணாடிகள் நிமிர்ந்தன,
எந்த ஊரிலோ இருந்த
நெடுங்கால் மனிதன் ஒருவனுக்காக.
என் பாதம் பெடலை எட்டவில்லை.

அழிக்க ஒரு கட்டளை போதும்.
ஒன்றாம் பொத்தானை அப்படியே விட்டேன்.
இரண்டில் என் உயரத்தை
அழுத்திப் பிடித்தேன், பீப் என்னும்வரை.

ஜும்பேர் ஒயரை இழுத்துக்கொண்டே கேட்டார்:
"ஹீட்டர் வருதா?"

அதைப் பார்க்கவே இல்லை.