என் பெயரை உடுத்தியவன்

கோனமாராவில் ஆண்பிள்ளைக்குத்தான் கிராக்கி.
மேட்டுக்கு அடியில் இருப்பவர்கள்
(பெயர் சொல்லமாட்டோம், கேட்டுக்கொண்டிருப்பார்கள்;
நல்லவர்கள் என்போம்)
அவனைத் தூக்கிப்போய்
தொட்டிலில் சருகுபோல் ஒன்றைக் கிடத்துவார்கள்.
அது பால் குடிக்கும். வளராது.

நான் பிறந்தபோது
தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கி வைக்கவில்லையாம்.
தேவையில்லை என்றாளாம் மருத்துவச்சி.

மக்தாராவுக்கு வைத்தார்கள். பிறகு என் பாவாடை:
மஞ்சிட்டியில் தோய்த்த சிவப்புக் கம்பளி,
என் முழங்கால் தேய்த்த இடம் வெளுத்தபடி.
வாசல் தாண்டினால் அவனுக்கு என் பெயரும்.
"பார்ப்ரா, உள்ளே வா" என்றால்
இரண்டு பேர் ஓடுவோம்.
ஒருவருக்குத்தான் வெண்ணெய்.

பன்னிரண்டு வயதில் அவனுக்குக் கால்சட்டை,
அப்பாவின் பழையதை வெட்டித் தைத்தது.
அன்றிரவே அதைத் திருடினேன்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு
மேட்டின் ஒற்றை முள்மரத்தடியில் நின்றேன்.
பையில் உப்பு இல்லை,
ஒரு ஆணிகூட இல்லை.
எடுத்துக்கொள்ளுங்கள் என்று
வாய்விட்டே சொன்னேன்.

நனைந்த ஆடு ஒன்று இருமியது.
கரிமண் புகை. கடல்.
நெடுநேரம் கழித்துப் புல்லுக்குள்
யாரோ சிரித்ததுபோல்;
தவளையாகவும் இருக்கலாம்.
அவர்கள் ஏமாறுகிறவர்கள் இல்லை.

திரும்பினேன். கதவருகே அம்மா,
கையில் அந்த இடுக்கி நடுங்க,
இருட்டைப் பார்த்து:
"மக்தாராவா? நீதானா, என் தங்கமே?"

அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"ஆமாம்" என்றேன்.