முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும்

குருசுக்குப்பம் மாடியில்
லெயோன் வீட்டு ரிக்கார்டு பிளேயருக்கு
பெல்ட் தொய்ந்திருந்தது என்று
நாற்பத்தைந்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

துலோனிலிருந்து அவன் சித்தப்பா
ராணுவப் பெட்டியில் கொண்டுவந்த தட்டு.
இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
மத்தியானம் வோல்டேஜ் இறங்கினால்
பாடுகிறவன் இன்னும் கிழவனாவான்,
டிரம்ஸ் ஈரமணலில் கால் புதைய நடக்கும்.
அதுதான் துயரம் என்று நம்பினோம்.
அந்தச் சுருதிக்கு லெயோன்
கிதார்க் கம்பிகளைத் தளர்த்தினான்;
நான் தொண்டையை.
"என்ன பிலோமின், ஜலதோஷமா?"
என்றார்கள் ஞாயிறு பூசையில்.

அட்டையைத் தானே புயல் தின்றது.
தட்டு எங்கே போனதோ.

நேற்று முதலியார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில்
போனில் அகப்பட்டது.
பத்தொன்பது நிமிடப் பாட்டு
பதினேழில் முடிந்துவிட்டது.
கிழவன் இல்லை அவன்.
மூக்கால் பாடுகிற பையன்,
இருபத்திரண்டு இருந்தால் அதிகம்.
எதற்கோ நேரமாகிவிட்டவன் போல ஓடுகிறான்.
நாங்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில்
சும்மா மூச்சு வாங்கியிருக்கிறான்.

வேகம் குறைக்க ஒரு பொத்தான் இருந்தது.
தொட்டேன். பாட்டு நடந்தது,
குரல் மட்டும் இறங்கவில்லை.
சுருதி கெடாமல் போனே பார்த்துக்கொள்ளுமாம்.
வந்த பஸ்ஸை விட்டேன்.

துலூஸில் தூங்கிக்கொண்டிருந்த லெயோனை
எழுப்பிச் சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
செருப்பைத் தேடும் சத்தம்,
குழாய்த் தண்ணீர்.
பிறகு,
"அப்போ அவங்கதான்
அவசரப்பட்டு வாசிச்சிருக்காங்க" என்றான்.