அமலோற்பவத்தின் சம்படம்

ஈப்போவில் நான் கோயிலுக்குப் போய்
இரண்டரை வருஷம் ஆகிறது.
அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.
ஜெரார்ட் எங்கே என்று கேட்பார்கள்,
எங்கே என்று தெரிந்துகொண்டே.

தேவகோட்டையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.
ஞாயிறு, ஏழரைப் பூசைக்கு
ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினாள் உமையாள்.
"முடிஞ்சதும் போன் பண்ணு,
அரிசி ஊறிக்கிட்டிருக்கு."

வாசலெல்லாம் செருப்பு.
நான் மட்டும் ஷூவோடு உள்ளே போய்
பாதி வழியில் உறைத்து
பின்னோக்கி நடந்து வந்து கழற்றினேன்.
காலுறையில் ஓட்டை.
பூசை முழுவதும் என் பெருவிரல்
பீடத்தைப் பார்த்தபடி இருந்தது.

தரையில் நகர்ந்து இடம் விட்டாள் ஒருத்தி.
என் வெறுந்தலையைப் பார்த்தாள்.
பையிலிருந்து கைக்குட்டை எடுத்து, மடிப்புக் கலைத்து,
தானே போட்டுவிட்டாள்.
பாச்சை உருண்டை வாசனை.
ஓரத்தில் நீல நூலில் ஒரு பூ, பாதியில் விட்டது.

எங்கள் பக்கம் பூசை ஆங்கிலத்தில்.
தமிழில் எனக்கு இருப்பதெல்லாம்
இடி இடிக்கும்போது அம்மா சொன்ன பழைய வாசகம்.
எல்லோரும் 'விண்ணுலகில்' என்று தொடங்க
என் வாய் 'பரமண்டலங்களிலே' என்று
அரை மூச்சு பிந்தியது.
அவர்கள் 'உணவை' என்றார்கள்.
நான் 'அப்பத்தை' என்றேன்.
பக்கத்தில் இருந்தவள் சட்டென்று திரும்பி
தானும் அப்பத்துக்கு மாறிக்கொண்டாள்.
அத்தனை பேரில் நாங்கள் இரண்டு பேர்
அன்றைக்கு அப்பம் கேட்டோம்.

சமாதானம் சொல்லும்போது கை நீட்டினேன்.
அவள் கும்பிட்டாள்.
நான் கும்பிட, அவள் கை நீட்டினாள்.

பேர் அமலோற்பவம். மருந்துக்கடையில் கணக்கு.
"ஓட்டல்லயா சாப்பாடு?"
கூட்டாளி வீட்டில் என்றதும்
எதையோ தவறவிட்டவள்போல நின்று,
"அப்ப இருங்க" என்று பின்தெருவுக்கு ஓடி
எவர்சில்வர் சம்படம் ஒன்றோடு வந்தாள்.
கோலா உருண்டை. அடியில் கை சுட்டது.
"சம்படம் மெதுவாக் குடுங்க."

உமையாளுக்குப் பெரிய வீடு உண்டு:
முப்பத்திரண்டில் ஒரு பங்கு,
சாவி கோயம்புத்தூரில்.
குடியிருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
இரண்டறை மாடி.
ஈப்போவில் ஐந்து வருஷம்
நானும் அவளும் ஒரே அலுவலகம், ஒரே சாப்பாட்டு மேசை.

குக்கரைத் திறந்தாள். கவுனி அரிசி,
கறுப்பா ஊதாவா என்று சொல்ல முடியாத நிறம்.
"இது எங்க பூலுட் ஹித்தாம்" என்றேன்.
"பர்மாலேர்ந்து எங்க ஆளுக கொண்டாந்தது."
"அப்ப உங்க ஊருதில்ல."
"உங்க ஊருதும் இல்ல."
பாதியை அவள் நெய்யும் சீனியும்
தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறினாள்.
பாதியை நான் கஞ்சியாக்கி
உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை மேலே விட்டேன்.
அவள் கணவர் சாத்தப்பன் இரண்டையும் ருசித்து
யார் பக்கமும் சேராமல்
கோலா உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. யாரும் கை வைக்கவில்லை.
நிமிர்ந்தால் இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.
"சொல்லலயா? டப்பாவத் தொறக்க முந்தி
எப்பவும் கண்ண மூடுவியே."
அவள் மறக்கவில்லை. எனக்குத்தான்
ஜெரார்டோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.
கண்ணை மூடினேன். வார்த்தை வரவில்லை.
மின்விசிறி. கீழே 'மதுரை மதுரை' என்று
ஒரு நடத்துநர்.
"ஆமென்" என்றார் சாத்தப்பன், பசி தாளாமல்.

வெறும் சம்படத்தைத் திருப்பக் கூடாது.
மாலை அதில் என் கஞ்சி, பால் தனியே ஒரு பாட்டிலில்.
அமலோற்பவம் வீடு பூட்டியிருக்கிறது.
பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம் என்கிறாள் உமையாள்.
வேண்டாம் என்கிறேன்.
தலையில் இன்னும் அந்தக் கைக்குட்டை,
மடியில் சம்படம்,
அவள் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறோம்.
என் ரயில் பத்தே காலுக்கு.
தேங்காய்ப்பால் அவ்வளவு நேரம் தாங்காது.