இரண்டாவது லீவர்

டிரம் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றேன்.
பீப்பாய்களுக்கு நடுவே
வண்டியைப் பின்புறமாகச் செருக வேண்டும்.
முதல் தடவை ஒரு பீப்பாய் உருண்டு உருண்டு
பயிற்சிக்காரி சுவைனாவின் செருப்பு வரை போனது.
காலால் நிறுத்திவிட்டு
"கலாஸ், அடுத்த வாரம்" என்றாள்.
நான்காம் முறை எல்லாம் நின்ற இடத்தில் நின்றன.
நாற்பத்து மூன்று வயதில்
என் முகம் போட்ட அட்டை.

டயாலிசிஸ் வார்டில் அன்றிலிருந்து வண்டிப் பேச்சு.
யாரிஸ் எடு, விற்கும்போது விலை நிற்கும், இது ஷைஜா.
ஃபார்மசி அந்தோணிப்பிச்சைக்கு சன்னிதான் வண்டி,
டிக்கியில் மூன்று அரிசி மூட்டை போகுமாம்.
திசையன்விளையிலிருந்து அவர், வீடியோவில்
நெற்றி மட்டும் தெரிய:
"நல்ல ரோடு இருக்கிற ஊர்ல உனக்கு எதுக்கு ஜீப்பு?"

நியாயம்தான்.
ஃப்ளாட்டிலிருந்து நிஸ்வா ஆஸ்பத்திரிக்கு
ஏழு கிலோமீட்டர், மூன்று ரவுண்டானா.
இதில் மேடு என்றால் வேகத்தடைதான்.

ஆனால் பதினோரு வருடம்
அடுத்தவர் வண்டியில் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவள் நான்.
முட்டி இரண்டும் ஒட்டி, கைப்பை மடியில்.
நாலு பேரைத் தொட்டுவிட்டுத்தான்
ஏசி காற்று என்னிடம் வரும்.
நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாத இடங்களிலெல்லாம்
கண்ணால் இறங்கிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜபல் அக்தருக்குக் கிளம்பினோம்.
பிர்கத் அல் மௌஸ் தாண்டியதும் போலீஸ் சாவடி.
நாலு சக்கரமும் இழுக்காத வண்டி மேலே போகக் கூடாது.
ஷைஜாவின் யாரிஸைத் திருப்பி விட்டார்கள்.
எச்சரிக்கைப் பலகையின் நிழலில்
பிரியாணியைப் பிரித்துத் தின்றுவிட்டு
வீட்டுக்கு வந்தோம்.
மலை பின் கண்ணாடியில் இருந்தது.
அதுவும் எனக்குத் தெரியவில்லை, நடுவில் இருந்ததால்.

ஃபிர்கில் ஹிலால் என்பவர் காட்டினார்.
2012 ஜிம்னி, காய்ந்த கொத்தமல்லி நிறம்.
கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பா சத்தம்.
மகளுடைய வண்டியாம்;
குழந்தை பிறந்ததும்
குழந்தை சீட்டை மாட்டி எடுக்கவே
ஒரு ஆள் தேவைப்பட்டதாம்.
மெக்கானிக் குல் ஸரீன் அடியில் படுத்து எழுந்து
துரு இல்லை என்றார்.
கிலோமீட்டரில் கொஞ்சம் பொய் இருக்கலாம்,
எல்லா வண்டியிலும் இருக்கும்.

பின்சீட்டை எட்டிப் பார்த்தேன்.
இரண்டே பேருக்கு இடம்.
நடு என்று ஒன்று கிடையாது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஹிலால் அதைக் குறை என்று நினைத்து
ஐம்பது ரியால் குறைத்தார்.

கியருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர், குட்டையாக.
வாங்கிய மறுவாரம் சாவடியில் போலீஸ்காரர்
லைசென்சைப் பார்த்து
"ஜெபா... மலர். புதுசா?" என்றார்.
புதுசு.
அதைப் போட்டுக் காட்டு.
முதலில் விழவில்லை.
பின்னால் ஒரு லேண்ட் க்ரூஸர் ஹாரன் அடித்தது.
கிளட்சை அடிவரை மிதித்தேன்.
தட்.
டாஷ்போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு.
போ, என்று கையை வீசினார்.

மேலே முழுக்கத் தார்ச்சாலை.
லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு
இரண்டு சக்கரத்திலேயே ஏறினேன்,
எஞ்சின் பாட்டி வைத்தியம் கேட்கிற மாதிரி முனக,
எல்லோரும் எங்களை முந்திப் போக.
காசு கொடுத்து வாங்கியது
தடுப்புக் கம்பியைத் தூக்க மட்டும்தானோ?

ஒரு வளைவு தாண்டி சரளைப் பாதை ஒன்று
மாதுளைத் தோட்டங்களின் பக்கம் கிளைத்தது.
பலகை கிடையாது.
ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?" என்றார் அந்தோணிப்பிச்சை.
ஒன்றுமில்லை.

குட்டை லீவரில் கை வைத்தபோது
பின்னாலிருந்து ஷைஜா கேட்டாள்,
"இது விற்கும்போது விலை நிற்குமா?"

சரளை டயருக்கு அடியில்
பொரி மாதிரி நொறுங்கத் தொடங்கியது.