ஆறாம் எண் உலர்த்தி

டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை
டியோலிண்டா ஃபுர்ட்டாடோ வருவார்,
இரண்டு சோப்புத்தூள் வாளிகளோடு.
உள்ளே கால் டாலர் காசுகள்.
"எண்ணிக்கொள்ளுங்கள்" என்பார்.
தேநீர் வேண்டாம். நாற்காலி வேண்டாம்.
வாளி மட்டும் திரும்ப வேண்டும்.

நியூ பெட்ஃபோர்டில்,
துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில்
அவருடைய சலவைக்கூடம்.
சிப்பி வாரிவிட்டுக் கரை இறங்கியவர்களின் கால்சட்டைகள்
அங்கேதான் கடலைக் கக்கும்.
வரிசையாகப் பதினான்கு உலர்த்திகள்.
ஆறாவதில் விழும் காசெல்லாம்
எங்கள் பெண்களுக்கு.
ஏன் ஆறு என்று ஒருமுறை கேட்டேன்.
"கதவுக்குப் பக்கம்" என்றார்.

எங்கள் பெண்கள் என்றால்
முப்பத்தோரு பேர்,
வெள்ளி மாலைகளில் தேவாலய அடித்தளத்தில் கூடுபவர்கள்.
துடுப்புப் போடுவார்கள்.
பழுதான மோட்டாரைக் கழற்றுவார்கள்,
சில சமயம் திரும்பவும் பூட்டுவார்கள்.
எழுந்து நின்று
"எனக்கு உடன்பாடில்லை" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள்.
அதை என்மீதுதான் அதிகம் பழகுகிறார்கள்.
நான் பொருளாளர்.

அதே டிசம்பரில் ஓர் அறக்கட்டளையும் தரும்.
பெரிய தொகை. பொய் சொல்ல மாட்டேன்,
படகுக் கொட்டகைக்குக் கூரை வந்தது அதில்தான்.
கூடவே பதினொரு பக்கப் படிவமும் வரும்:
சிறுமியரின் தன்னம்பிக்கை
எத்தனை விழுக்காடு உயர்ந்தது?
நெலிடாவைத் திரும்பிப் பார்ப்பேன்.
அவள் நகக்கண்ணில் கிரீஸ்.
அறுபத்திரண்டு என்று எழுதுவேன்.

டியோலிண்டாவின் காசுக்குப் படிவம் கிடையாது.
நாற்பது நாற்பதாக அடுக்கிக்
காகிதத்தில் சுருட்ட வேண்டும், அவ்வளவுதான்.
கைகளில் மாலை முழுக்க இரும்பு வாசம்.
ஒரு வருடம்
ஆயிரத்து முந்நூற்றாறு டாலர் ஐம்பது சென்ட்.
மறுவருடம் இருநூறு குறைவு.
வெயில் நன்றாக அடித்திருக்கிறது,
துணியெல்லாம் கொடியிலேயே காய்ந்துவிட்டது.

போன ஜனவரியில்
இஷ்செல் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.
அவள் அம்மாவுக்கு மீன் ஆலையில் வேலை;
ஞாயிறுதோறும் இருவரும் துவைக்கப் போவார்கள்.
வருவோர் போவோரிடமெல்லாம்
"ஆறில் போடுங்கள், ஆறில் போடுங்கள்" என்றாள்.
பேச்சு தெருவில் இறங்கியது.
ஆறின் முன்னால் ஈரக்கூடைகளோடு
மாலுமிகள் வரிசையில் நின்றார்கள்.
ஐந்தும் ஏழும் வாய் பிளந்து கிடந்தன.

பிப்ரவரியில் டியோலிண்டா
முதன்முறையாக வாளியில்லாமல்
எங்கள் படியிறங்கி வந்தார்.
"மற்ற பதின்மூன்றில்தான் நான் சாப்பிடுகிறேன்" என்றார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
பிறகு ஜோசியான் எழுந்தாள்.
மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"அப்படியென்றால் ஆறின் பெல்ட் தேய்ந்திருக்குமே,
திறந்து பார்க்கலாமா?"

மறுநாள் கடையடைத்த பின்
ஆறின் முதுகைக் கழற்றினார்கள்.
பஞ்சு. இன்னும் பஞ்சு.
ஒற்றைத் தோடு, ஒரு குழந்தையின் காலுறை,
எங்கிருந்தோ வந்த மீன் செதில்.
அடியில் மூன்று கால் டாலர்கள்.

உடனே வழக்கு.
ஆறுக்குள் கிடந்தது, ஆகவே நம்முடையது என்றாள் நெலிடா.
யாரோ ஒருவர் பையிலிருந்து நழுவியது,
துளை வழியாகப் போட்டதல்ல,
கொடுக்காததை எப்படி வாங்குவது என்றாள் இஷ்செல்.
கை தூக்கச் சொன்னேன்.
பதினேழுக்குப் பதினான்கு.
திருப்பிக் கொடுத்தார்கள்.

டியோலிண்டா உள்ளங்கையில் வைத்து எண்ணினார்,
மூன்றே காசை, இரண்டு தடவை.
புது பெல்ட்டை ஒரு பார்வை பார்த்தார்.
கதவைச் சாத்தி
மூன்றையும் ஆறின் துளைக்குள் தள்ளினார்.

வெறும் உருளை சுழன்றது.
ஒரு துணிகூட இல்லாமல்
இருபத்து நான்கு நிமிடம்
சூடான காற்று மட்டும்.
முப்பத்தோரு பெண்களும் நானும்
கோட்டைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தோம்.
யாருக்கும் கிளம்பத் தோன்றவில்லை.
வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த எழுபத்தைந்து சென்ட்
டிசம்பரில் வாளியோடு வந்துவிட்டது.
தனியே எடுத்து வைத்து வெகுநேரம் யோசித்தேன்,
எந்தத் தலைப்பின்கீழ் சேர்ப்பதென்று.
கடைசியில்
'பிற' என்று எழுதினேன்.