கை நீட்டல்

"கைகளை நீட்டுங்கள்" என்கிறார் டாக்டர் லியாங்.
"மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து,
பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி."

அவருக்குத் தெரியாது,
பத்தொன்பது வருடம் நான்
கண்ணாடிக்கு உள்ளே இருந்தவன்.
நீட்டிய கைகளைப் பார்த்துப் பார்த்து
பிரேக்கில் கால் வைத்தவன்.

பள்ளிப் பிள்ளை உடம்பையே நீட்டும்.
சந்தைப் பையோடு நிற்கும் மலாய் அம்மா
ஒரு விரல் மட்டும் அசைப்பார்.
கைப்பேசியிலிருந்து தலை தூக்காதவன்
பஸ் போன பிறகு நீட்டுவான்.

இப்போது என் முறை.
பதினைந்து விநாடி.
அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்,
நான் விரல்களை.
போன ஜூனில் இவை
மழையில் நனைந்த மைனா சிறகு உதறுவதுபோல்
தாமாகவே அடித்துக்கொண்டன.
அன்று கிழமை சொல்லத் தெரியாமல்
"இது கடைசி ஸ்டாப்பா?" என்று கேட்டேனாம்.
அஞ்சுகம் பிறகு சொன்னாள், சிரிக்காமல்.

இன்று மைனா வரவில்லை.
"நல்லது" என்று கணினியில் எதையோ தட்டுகிறார்.
ஸ்கேன் எண்ணைச் சொல்கிறார்: இறுக்கம், முப்பத்திரண்டு.
கல்லீரலில் கல் எவ்வளவு என்று சொல்லியாயிற்று,
ஈரம் எவ்வளவு மிச்சம் என்று
கேட்க நினைத்தேன்.
அதைத் தமிழில்தான் கேட்க முடியும்.
கேட்கவில்லை.

காலையில் எடை பார்க்கிறேன்,
பல் துலக்கும் முன்.
அறுபத்தொன்று புள்ளி நாலு.
ஒரே இரவில் கூடினால் அது சதையல்ல,
வயிற்றில் குளம் கட்டும் நீர்.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவேன்.
விழுந்த குழி
அவசரமே இல்லாமல் நிரம்பும்.

பிறகு அந்த இனிப்பு மருந்து.
முப்பது மில்லி, மூன்று வேளை.
அளவு மூடி தொலைந்து ஒரு மாதம் ஆகிறது,
தேவைப்படவில்லை.
முப்பது மில்லி என்றால் ஒரு சின்ன பெக்.
கிழமை மறந்த நாளிலும்
இந்தக் கை அதைத் துளி பிசகாமல் ஊற்றும்.
பெருமைப்படுவதா என்று யோசிப்பதற்குள்
கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நான் உப்பிடாதவளை நினைக்கிறேன்.
எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி,
ருசி பார்த்துவிட்டு அவள் முகம் சுளிப்பது
எனக்குத் தெரியக்கூடாது என்று
அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

நம் பேச்சில் கை நீட்டுவதற்கு
இன்னொரு அர்த்தமும் உண்டு.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்,
பிளாஸ்டிக் நாற்காலிகளின் வட்டத்தில்,
என் முறை வந்தபோது சொன்னேன்:
"ஒரே ஒரு தடவைதான் அவள்மேல் கை நீட்டினேன்."
பக்கத்தில் மைலோ கலக்கிக்கொண்டிருந்த கிழவர் கோ
தலை நிமிராமல் கேட்டார்:
"அது நீ எண்ணியதா, அவள் எண்ணியதா?"

பதினான்கு மாதம் குடிக்கவில்லை.
அவளிடம் கேட்கவுமில்லை.

முகாமிலிருந்து சனிக்கிழமை வரும் நிதர்சன்
பூட்ஸை வாசலில் கழற்றி
என்னைத் தாண்டி அறைக்குள் போவான்.
போன வாரம் குளிர்பெட்டிக் கதவில்,
மின்கட்டண ரசீதின் பின்புறத்தில்,
அவன் கையெழுத்தில் இரண்டு ரத்த வகைகள்.
ஒன்று என்னுடையது.
நான் ரசீதைத் திருப்பி ஒட்டினேன்,
கட்டணம் தெரிகிற மாதிரி.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி தூக்கம் வராது, இதுவும் ஈரலின் வேலை.
கீழே இறங்குகிறேன்.
ஈசூனில் எங்கள் புளோக்குக்கு எதிரே
பீர் வைத்த கண்ணாடி அலமாரி
மீன்தொட்டிபோல் எரிந்துகொண்டிருக்கிறது.
பத்தரைக்குப் பூட்டிவிடுவார்கள்.
அதுவரைதான்.

தூரத்தில் என் பழைய தடத்தின் விளக்கு.
கையை நீட்டுகிறேன்.
நடுங்குகிறதா என்று
இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.
பஸ் நிற்கிறது.
ரொஸ்லான் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை,
ஏழெட்டு ஸ்டாப் போய்
எதிர்ப்பக்கம் ஏறித் திரும்புவேன்
என்பது அவனுக்குத் தெரியும்.

அட்டையைத் தட்டி
அவனுக்கு நேர் பின்னால் உட்காருகிறேன்.
மணி பத்து இருபத்து மூன்று.