பத்தொன்பதாவது ஃப்ரேம்

கானாடுகாத்தானில் அந்த வீடு
ஒரு தெருவில் வாய் திறந்து
அடுத்த தெருவில் முடிகிறது.
பங்காளிகள் இருபத்தாறு பேர்.
கையெழுத்து வாங்கவே மூன்று மாதம்.
நாயகன் ஓட, பின்னால் எட்டு அடியாட்கள் ஓட,
அவர்களுக்கும் பின்னால் ஜிம்பலைக் கட்டிக்கொண்டு
முழங்கால் வலியோடு சார்லஸ் ஓட,
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்:
நாற்பத்தொரு நொடி.
எனக்குக் கிடைத்தது ஒன்றரை.

காரைக்குடியில், கல்லுக்கட்டிக்குப் பக்கத்து லாட்ஜ்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
கீபோர்டின் இடப்புறம் பாதி தின்ற வெள்ளைப் பணியாரம்.
படம் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்;
ட்ரெய்லர் மட்டும் வெள்ளிக்கிழமை வந்தாக வேண்டும்.
பிள்ளை பிறக்குமுன்னே காதுகுத்துக்குப் பத்திரிகை.

பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றும் எனக்கொரு கத்தரி.
தூண் மறைக்கிற கணத்தில் வெட்டு:
அந்தப் பக்கம் போனது நாயகன்,
இந்தப் பக்கம் வந்தது கைலியோடு வில்லன்.
விப் பேனின் மங்கலில்
மூன்று நாள், இரண்டு ஊர், ஒரு சம்பளத் தகராறு
ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

குத்து விழ இரண்டு ஃப்ரேம் இருக்கும்போதே வெளியேறு.
விழுந்ததைக் காட்டினால் அது சண்டை.
வாங்கியவன் மூக்குக்குப் போகாமல்
மாடிப்படியில் அப்பளம் கடிக்கிறவரிடம் போனால்
காமெடி.
சத்தம் ஒன்றேதான்:
நொறுக்.

பிறகு கறுப்பு. பன்னிரண்டு ஃப்ரேம்.
பத்து வைத்தால் சிரிப்பு மூச்செடுக்காது.
பதினைந்து வைத்தால்
கரண்ட் போய்விட்டதென்று நினைப்பார்கள்.

நாயகனுக்கு டூப் டில்லிபாபு.
அதே சட்டை, அதே முடி, வேறு முட்டி.
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலம்
அன்று காலை ஆத்தங்குடித் தரையைத்
தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.
சினிமாவாயிற்றே, பளபளக்கட்டும் என்று.
வளவு திரும்புகிற இடத்தில் கால் போனது.
பச்சைப் பூ, சிவப்புப் பூ, பச்சைப் பூ, டில்லிபாபு.

மொத்தம் முப்பத்தேழு ஃப்ரேம்.
மணிக்கட்டு இருபத்தாறில்.
'கட்' சொல்ல ஆளில்லை,
எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் சிரித்தேன் இங்கே.
முதல் தடவை. நாலாவது தடவையும்.
பதினோராவது தடவை
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

பத்தொன்பதில் விக் நழுவி
முகம் கேமராவுக்கு நேரே வருகிறது.
பயமில்லை அதில்.
'அட, நல்லா விழுறேனே' என்கிற முகம்.
தொழில்காரன் முகம்.

டூப்பின் முகம் தெரியக் கூடாது,
இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது.
பதினெட்டில் வெட்டி இருபதில் சேர்த்தேன்.
தாவியது.
சிரிப்பில் ஒரு நூலிழை அறுந்தது.
பத்தொன்பதை எடுத்துத் திரும்ப வைத்தேன்.
நொடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு,
யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்.
இருபத்தைந்தோடு கறுப்பு.
மணிக்கட்டு அவருக்கும் எனக்கும் மட்டும்.

இயக்குநர் பார்த்தார். தயாரிப்பாளர் பார்த்தார்.
தயாரிப்பாளரின் மச்சினன் மூன்று முறை பார்த்தார்.
யாரும் பார்க்கவில்லை.

வெள்ளி மாலை ஆறுக்கு வெளியானது.
ஆறு நாற்பதுக்கு எவனோ ஒரு பையன்
நிறுத்திப் பிடித்துவிட்டான்.
முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மஞ்சள் அம்புக்குறி,
'ஹீரோ மாறிட்டாருடோய்.'
ஏழரைக்கு என் ஃபோன் கொதித்தது.
எந்த ஊரில் எடிட்டிங் படித்தாய் என்றார்கள்.
ஒன்பதுக்குள் திருத்தி ஏற்றினேன்.
பத்தொன்பது இல்லை,
நூலிழை அறுந்தே இருக்கட்டும்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்கலாமென்று
இரவு டில்லிபாபு எண்ணைத் திறந்தேன்.
நேற்றுவரை அங்கே ஒரு முருகன் இருந்தார்,
மயிலோடு.
இப்போது சிவப்பு வட்டம்.

அம்புக்குறியைக்கூட வெட்டவில்லை.